கோப்புப் படத்தில் இருந்தவள்

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு வரவேற்பிலிருந்து போன் வந்தபோது பத்மஜா தன் மேஜையில் உட்கார்ந்து ஊருக்கு உபதேசம் எழுதிக்கொண்டிருந்தாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் அன்றைய வேலை. கொல்கத்தா சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இயங்கும் ஓர் ஆங்கில நாளிதழின் புகைப்படப் பிரிவுக்கு அவள் ஆசிரியர். ஏழைகளை எப்படிப் படமெடுக்க வேண்டும், சிறுபான்மையினரை எப்படிக் காட்டக்கூடாது, எந்தப் படத்துக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றெல்லாம் பதினோரு பக்கத்துக்கு ஒரு கையேடு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை வைத்து வெள்ளிக்கிழமை வகுப்பெடுக்க வேண்டும். வருஷா வருஷம் எடுக்கிறாள். வருஷா வருஷம் கையேட்டில் ஒரு பத்தி கூடுகிறது. பேப்பரில் வரும் படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

"மேடம், ஒரு அம்மா வந்திருக்காங்க, கூட ஒரு பொண்ணு. கையில நம்ம பேப்பர். அதுல இருக்கிற உங்க பேரைக் காட்டிக் கேக்குறாங்க. அப்பாயின்ட்மென்ட் இல்ல, அனுப்பிடவா?"

"என்ன விஷயமாம்?"

"போட்டோல இருக்கிறது தான்தான்னு சொல்றாங்க."

எந்த போட்டோ என்று பத்மஜா கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்துக் குறுகுறுத்து மரத்தே போயிருந்தது. "உட்காரச் சொல்லு, வரேன்" என்று போனை வைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படம் எடுத்தது 2013 ஆகஸ்டில். மூன்று நாள் விடாத மழை. கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தளத்தைத் தாண்டி மெட்டியாபுருஸ் பக்கம் ஒரு சந்து. முழங்காலளவு தண்ணீரில் கறுப்புப் புர்க்கா போட்ட ஒருத்தி, முகத்திரையைத் தூக்கிவிட்டு, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு நிற்கிறாள். நேராக கேமராவைப் பார்க்கிறாள். தாய் முகத்திலும் சிரிப்பில்லை, பிள்ளை முகத்திலும் சிரிப்பில்லை. உலகத்துத் துக்கமெல்லாம் அந்த இரண்டு கண்ணில் இருக்கிறது என்று டெல்லியில் நடுவர்கள் புகழ்ந்து விருது கொடுத்தார்கள். அதுவரை ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்த பத்மஜாவுக்கு அந்த விருதால்தான் வேலை நிரந்தரமானது, அப்புறம் இந்த நாற்காலியும் கிடைத்தது. படத்தைப் பெரிதாக்கி நாலாவது மாடியில் லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். மரியாதையாகப் படமெடுப்பது எப்படி என்று சொல்லும் அந்தக் கையேட்டின் அட்டையிலும் அதே படம்தான்.

படத்துக்கு அன்றைக்கு அவள் எழுதிய வரி: ‘கார்டன் ரீச்சில் வெள்ளத்தில் தவிக்கும் குடிசைப் பகுதிப் பெண்.’ பெயர் இல்லை. மழையில் நோட்டுப் புத்தகம் நனைந்துவிட்டது என்பது பன்னிரண்டு வருஷமாக அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

பெயரில்லாமல் விட்டதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எந்தப் படத்தையும் சேமிப்பில் ஏற்றும்போது, பின்னால் தேடுகிறவர்களுக்குச் சிக்கும்படி சில சொற்களைத் தட்டச்சு செய்துவைப்பது வழக்கம். அவள் ஆறு சொற்கள் போட்டாள். வெள்ளம், குடிசை, வறுமை, முஸ்லிம், பெண், குழந்தை. அன்றோடு அந்தப் பெண்ணின் தலையெழுத்து நிச்சயமாகிவிட்டது. இந்த ஆறில் எதை யார் தேடினாலும் விருது வாங்கிய படம் முதலில் வந்து நிற்கும். வெள்ளச் செய்திக்குப் போட்டார்கள். டெங்குவுக்குப் போட்டார்கள். ஊட்டச்சத்துக் குறைவு, மக்கள்தொகை, குழந்தைத் திருமணம் எல்லாவற்றுக்கும் அவள்தான் வந்து நின்றாள். ஒரு கோடையில் குடிநீர்ப் பஞ்சத்துக்குக்கூடப் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டால் தண்ணீர் தெரியாது அல்லவா! கீழே ‘மாதிரிப் படம்’ என்று எறும்பு எழுத்தில் ஒரு சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு சொல் போதும் என்பது பத்திரிகைக்காரர்களின் நம்பிக்கை.

போன வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை முப்பத்தோராவது தடவையாகப் போட்டார்கள். எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு இந்தியர் என்று போலிச் சான்றிதழ் தயாரித்துக் கொடுக்கும் கும்பல் பற்றிய செய்தி. பக்கத்தை வடிவமைத்த அனுராதா படத்தைத் தேடி வைத்து, சம்மதத்துக்கு பத்மஜாவிடம் அனுப்பினாள். பத்மஜா பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இடுப்பு வலி வேறு, இன்னும் மூன்று பக்கம் காத்திருந்தது, ‘மாதிரிப் படம்’ என்றுதான் போட்டிருக்கிறதே என்று சரி கொடுத்துவிட்டாள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன், அனுராதாவைச் சொல்லிக் குற்றமில்லை.

பார்வையாளர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்மஜா உள்ளே வந்தவள் அந்தப் பெண்மணியைத் தாண்டி வேறு யாரையோ தேடினாள். தினமும் லிஃப்ட் பக்கத்தில் பார்க்கிற முகம், பன்னிரண்டு வருஷப் பழக்கம், எதிரில் வந்து உட்கார்ந்தபோது அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்ட, கன்னம் உப்பிய, வெளிர்பச்சை சல்வாரும் தலையில் துப்பட்டாவுமாக இருந்த ஒருத்தி எழுந்து நின்று, "உங்க முடி வெளுத்துப் போச்சே தீதி" என்றாள். வங்காளத்தில் அக்காவைத் தீதி என்பார்கள். அவர்கள் பேசியதெல்லாம் வங்காளத்தில்தான்.

"என் பேரு ஷாஹினா. இவ நஸ்ரின், ஏழாங்கிளாஸ். அன்னிக்கு இடுப்பில இருந்தாளே, அவதான்."

பெண் தலையை நிமிர்த்தவில்லை. மடியில் பள்ளிப் பை இருந்தது. பள்ளிச் சீருடை இல்லை.

"உட்காருங்க" என்றாள் பத்மஜா. "டீ சொல்லட்டுமா?"

"டீ எல்லாம் வேண்டாம். மூணு பஸ் மாறி வந்திருக்கேன், சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போறேன். உங்க படத்தை முதல் தடவை பொரி மடிச்சுக் குடுத்த காகிதத்தில பார்த்தேன் தீதி. எங்க வீட்டுக்காரர் சந்தோஷமாக் கிழிச்சு அலமாரிக் கதவில ஒட்டினார். பேப்பர்ல வந்துட்டோமாம்! அப்புறம் டெங்குன்னு வந்தது. சொந்தக்காரங்க எல்லாம் போன் பண்ணிப் புள்ளைக்குக் காய்ச்சலான்னு கேட்டாங்க. குடிசைன்னு போட்டிருந்தீங்க. அது குடிசை இல்ல, ரெண்டு மாடி வீடு, என் மாமனார் கட்டினது. நீங்க அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பல. மேல்மாடியில அஞ்சு பேரை வச்சுக் குழந்தைங்க கவுன் தைக்கிறேன். அதெல்லாம் இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் சிரிச்சுட்டு விட்டுட்டோம். இந்தத் தடவை முடியல."

அவள் பேப்பரை விரித்து மேஜைமேல் வைத்தாள். போலிச் சான்றிதழ் என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே அவள் முகம்.

"கிளாஸ்ல ஒரு பொண்ணு இதைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டியிருக்கா. உங்கம்மா எந்த நாட்டிலேருந்து வந்தான்னு கேட்டிருக்காங்க. பசங்க கேட்டாப் பசங்கன்னு விடலாம். டீச்சரும், உங்க வீட்டுக் காகிதமெல்லாம் நாளைக்கு எடுத்துட்டு வா, சும்மா பார்க்கத்தான்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவதான். பதினோரு நாளா ஸ்கூல் போகல. அடிச்சும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பத்மஜாவின் வீட்டில் சொல்வார்கள். இந்தப் பெண்ணின் மேல் கண்ணடி விழ வழி செய்துவிட்டுத் தான் பதினோரு பக்கம் கையேடு எழுதிக்கொண்டிருப்பதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அலுப்புத்தான் அதிகம்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

"கேஸ், சண்டை ஒண்ணும் வேண்டாம் தீதி. ஒரே ஒரு உதவி." ஷாஹினா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "அன்னிக்கு நீங்க நிறைய எடுத்தீங்க. டக்டக்குன்னு. முதல்ல எடுத்ததில எல்லாம் நானும் இவளும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம்தான் நீங்க சொன்னீங்க, ‘சிரிக்காதீங்க தீதி, ஒரே நிமிஷம்’னு. நீங்க கார்ப்பரேஷன்லேருந்து வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். சிரிச்சா இந்த வீட்டுக்குச் சேதமில்லைன்னு எழுதிடுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன், இவ வாயையும் பொத்தினேன். அந்தச் சிரிச்ச படத்தில ஒண்ணைப் பேப்பர்ல போடுங்க. என் பேரு, இவ பேரு, எங்க தெரு பேரு போட்டுப் போடுங்க. ஸ்கூல்ல எல்லாரும் பார்க்கட்டும். இவ போயிடுவா."

"எனக்கு அந்த வயசில போட்டோவே இல்ல ஆன்ட்டி" என்றாள் நஸ்ரின் முதல் முறையாக வாயைத் திறந்து. "அது ஒண்ணுதான் இருக்கு."

பத்மஜா, சொல்லாமல் தப்பிக்க வழி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தாள். தேடிப் பார்க்கிறேன், போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லலாம். இந்த ஊரில் ஆயிரம் அலுவலகங்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் மூன்று பஸ் மாறி வந்தவளிடம் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"அந்தப் படம் இல்ல" என்றாள்.

"இல்லைன்னா?"

"அப்ப எங்ககிட்ட மெமரி கார்டு கொஞ்சம்தான் இருந்தது. எட்டுப் பேர் மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போவோம். வந்த உடனே நல்லா இருக்கிற ரெண்டு மூணு படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, கார்டைச் சுத்தமா அழிச்சு அடுத்தவங்ககிட்டக் குடுத்துடணும். அதுதான் ரூல். அன்னிக்கு நான் ரெண்டு ஏத்தினேன். ரெண்டும் சிரிக்காத படம்."

"மத்தது?"

"டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி அழிச்சுட்டேன்."

"எத்தனை இருந்துச்சு?"

"நாப்பது இருக்கும்."

ஷாஹினா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "நாப்பதா!" என்றாள். திட்டியிருந்தால் பத்மஜாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "நாங்க சிரிச்சது உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப அதை எழுதுங்க. உங்க பேப்பர்ல எழுதினா நம்புவாங்கதானே?"

அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு பத்மஜா மேலே ஆறாவது மாடிக்குப் போனாள். கொல்கத்தா பதிப்பின் ஆசிரியர் ஜெய்ராம், தாத்தா காலத்திலேயே இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம். பத்மஜாவும் தமிழ்தான், அறையில் வேறு யாரும் இல்லாதபோது இருவரும் தமிழில்தான் பேசுவார்கள். ஆனாலும் வயதில் மூத்தவர் பெயரோடு ‘தா’ சேர்க்கும் வங்காள வழக்கப்படி அவர் அவளுக்கு ஜெய்ராம்தா.

"ஜெய்ராம்தா, ஒரு திருத்தம் போடணும். அந்த ஃபேக் டாக்குமென்ட் ஸ்டோரிக்கு வச்ச படம். அந்த லேடியே வந்திருக்கா."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "கடவுளே, அதையா வச்சா! சரி, ‘படத்தில் இருப்பவருக்கும் செய்திக்கும் சம்பந்தமில்லை, வருந்துகிறோம்.’ ரெண்டு லைன். நாளைக்கே போட்டுடலாம்."

"மூணாவது லைன் ஒண்ணு இருக்கு. அவளும் குழந்தையும் சிரிச்சிண்டு நின்னா. படம் எடுத்தவ சிரிக்காதீங்கோன்னு சொன்னா. அதையும் போடணும்."

ஜெய்ராம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

"பன்னெண்டு வருஷமா வாயே திறக்கலையேம்மா நீ."

"யார்கிட்டப் போய்ச் சொல்றது? அவார்டு குடுத்தவாகிட்டயா?"

அவர் எழுந்து ஏசியைக் குறைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். "மூணாவது லைன் போட்டா அவார்டைத் திருப்பிக் கேப்பா. அதோட நிக்காது. நம்ம எடுத்த ஒவ்வொரு படத்தையும் தோண்ட ஆரம்பிச்சுடுவா. எனக்கு ரிடையர் ஆக எட்டு மாசம் இருக்கு, பத்மஜா. சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. அந்தக் காலத்துல யார்தான் அப்படி எடுக்கல? சிரிச்சிண்டு நின்னா வெள்ளம்னு எவன் நம்புவான்?"

"வெள்ளமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது, ஜெய்ராம்தா. நான் ஒண்ணை மட்டும்தான் கொண்டு வந்தேன்."

நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் எட்டு மாசம் என்பது எட்டு மாசம்தானே.

"எனக்கும் தெம்பு இல்ல" என்றாள் பத்மஜா. "நீங்க பேப்பர்ல ரெண்டு லைன் போடுங்கோ. மூணாவதை நான் என் கையெழுத்தில அந்த ஸ்கூலுக்கு எழுதித் தரேன்."

"லெட்டர்ஹெட்லயா?"

"லெட்டர்ஹெட்லதான்."

ஜெய்ராம் மேஜைமேல் கிடந்த பக்கங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "நீ இங்க வந்து ரெண்டு லைன் கேட்ட, நான் சரின்னேன். அவ்வளவுதான் நமக்குள்ள நடந்தது" என்றார்.

கீழே வந்ததும் பத்மஜா முதலில் தன் கணினியில் அந்தப் படத்தை இனி யாரும் எடுக்க முடியாதபடி பூட்டினாள். ஒரு நிமிஷ வேலை. பன்னிரண்டு வருஷத்தில் எந்த நாளிலும் செய்திருக்கலாம். பிறகு கடிதத்தாளை எடுத்துக்கொண்டு பார்வையாளர் அறைக்குப் போய், அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து வங்காளத்தில் எழுதினாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குக் கையில் நன்றாக வரும். அந்தக் காகிதம் பள்ளியைத் தாண்டி யார் கைக்குப் போனாலும் விருது அன்றோடு சரி, இந்த நாற்காலியும் நிலைக்குமா என்பது சந்தேகம். அதற்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பயப்படுவதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டியிருக்கிறது.

"ஒண்ணை மறைக்காமச் சொல்லிடறேன்" என்றாள் ஷாஹினாவிடம். "எங்க பேப்பர்ல இனிமே இந்தப் படம் வராது. நாளைக்குச் சின்னதா ஒரு வருத்தம் போடுவாங்க. ஆனா வெளியில எத்தனையோ வெப்சைட்காரங்க ஏற்கெனவே எங்ககிட்டேருந்து வாங்கி வச்சிருக்காங்க. அதை என்னால தடுக்க முடியாது."

"தெரியும் தீதி" என்றாள் ஷாஹினா. "கொட்டின பாலை யார் அள்ள முடியும்? நீங்க எழுதுங்க."

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, தன் பெயரையும் பதவியையும் கீழே தெளிவாக எழுதிப் பெண்ணிடம் கொடுத்தாள். "நீயே படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா சொல்லு."

நஸ்ரின் எழுந்து நின்று, வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தாள். "மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. எங்கள் நாளிதழில் வெளியான படத்தில் இருப்பவர்கள் ஷாஹினா பேகம், அவர் மகள் நஸ்ரின். அந்தச் செய்திக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் நின்றது குடிசை முன்னால் அல்ல, அவர்களுடைய சொந்த வீட்டு வாசலில். இந்தப் படத்தை எடுத்தவள் நான். அவர்கள் பெயரை நான் கேட்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. நான் போனபோது தாயும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர்கள் முகத்தில் நீங்கள் பார்க்கும் துக்கம் அவர்களுடையது அல்ல. இதனால் உங்கள் மாணவிக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு நானே பொறுப்பு."

ஷாஹினா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில முதல் பீரியடுக்கு முன்னாடியே குடுத்துடணும்" என்றாள். "போவேல்ல?"

"போறேன்" என்றாள் நஸ்ரின். கடிதத்தை நாலாக மடிக்கப்போனவள் நிறுத்தினாள். "அம்மி, டீச்சர் இதைக் கிளாஸ்ல படிப்பாங்க. எல்லாரும் கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

"அவ்ளோ தண்ணியில நின்னுக்கிட்டு எதுக்குச் சிரிச்சீங்கன்னு. நான் என்ன சொல்றது? எதுக்கு அம்மி சிரிச்சோம்?"

ஷாஹினா வாயைத் திறந்தாள். சொல்ல வந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. "அது வந்து... உங்க அப்பா ஏதோ... இல்ல, அவர் அன்னிக்குக் கடையில இருந்தார்." அவள் மறுபடி யோசித்தாள். "எதிர்வீட்டில ஏதோ விழுந்துச்சா? ஞாபகம் வரலையேடி. வயிறு வலிச்சது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் இந்த மூஞ்சியையே பார்த்துப் பார்த்து..." அவள் பேப்பரைக் காட்டினாள். "இதுதான் ஞாபகத்தில நிக்குது."

அவள் பத்மஜாவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது.

"தீதி, நீங்க எதிர்லதானே நின்னீங்க. அவ்வளவு நேரம் எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களே. எதுக்குச் சிரிச்சோம்?"

பத்மஜா யோசித்தாள். மேகம் எந்தப் பக்கம் விலகியது என்பது ஞாபகம் இருந்தது. தண்ணீரில் வெளிச்சம் எப்படி விழுந்தது என்பதும், கேமராவில் என்னென்ன அளவு வைத்தாள் என்பதும்கூட ஞாபகம் இருந்தது. தாயும் மகளும் தன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியாது ஷாஹினா" என்றாள். "நான் கேக்கல."